நின்றுபோன தடுப்பூசியைத் திரும்பத் தொடங்குவது எப்படி? வதந்தியை நம்பும் வீட்டில் பேசுவது முதல் புதன்கிழமை வரை

என் மகளுக்கு ஆறாவது வார ஊசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் 102-ஐத் தொட்டது. தொடையில் ஊசி போட்ட இடம் கல் மாதிரி இறுகிவிட்டது. விடிய விடிய என் மாமியார்தான் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவர் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. இரண்டே முக்கால் நிமிடம். தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்ட ஓர் ஆண் குரல், இந்த ஊசியெல்லாம் ஜனத்தொகையைக் குறைக்க வெளிநாட்டுக்காரன் அனுப்புவது, பெண் பிள்ளைக்குப் போட்டால் கர்ப்பப்பை சுருங்கிப்போகும் என்றது. அதோடு 10-வது வார ஊசி போயிற்று, 14-வது வார ஊசி போயிற்று, ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசியும் போயிற்று. பதினோராம் மாதத்தில்தான் திரும்பத் தொடங்கினோம். நடுவில் பட்ட அலைச்சலும் வீட்டில் போட்ட சண்டையும் இன்னொரு தாய்க்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஈரோடு மாவட்டம் கோபிப் பக்கத்துக் கிராமத்தில் நடந்தது இது. தமிழ்நாட்டில் எங்கே இருந்தாலும் வழிமுறை ஏறக்குறைய இதேதான்.

1. முதலில் அட்டையை எடுங்கள்

வீட்டில் பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். எது விட்டுப்போயிருக்கிறது, எதற்கு எவ்வளவு நாள் பாக்கி என்று தெரியாமல் பேசினால் பேச்சு "போடணுமா, வேண்டாமா" என்ற சண்டையாகத்தான் முடியும்.

தாய் சேய் நல அட்டையில் தடுப்பூசிப் பக்கம் இருக்கும். பிறந்தவுடன் பிசிஜி (காசநோய்க்கானது), போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி. 6, 10, 14-வது வாரங்களில் பென்டாவலன்ட் (ஐந்து நோய்களுக்குச் சேர்த்து ஒரே ஊசி), போலியோ சொட்டு, ரோட்டா (வயிற்றுப்போக்குக்கு, வாயில் கொடுப்பது). நிமோனியா ஊசியும் போலியோ ஊசியும் 6, 14-வது வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும். தட்டம்மை-ரூபெல்லா முதல் டோஸ் 9 முதல் 12 மாதத்துக்குள், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். போட்டதற்கு எதிரே தேதி இருக்கும். காலியாக இருக்கும் கட்டங்களைப் பென்சிலில் வட்டமிடுங்கள்.

இனி கெடு. அரசுத் திட்டத்தில் பிசிஜி ஒரு வயது வரைக்கும்தான். பென்டாவலன்ட், ரோட்டா இரண்டிலும் முதல் டோஸையாவது ஒரு வயதுக்குள் போட்டிருந்தால்தான் மீதி டோஸ்களைத் தொடர முடியும். பென்டாவலன்ட் தொடங்காமலே ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு டிபிடி ஊசியாக (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னிக்கானது) போடுவார்கள், ஏழு வயது வரை. தட்டம்மை-ரூபெல்லாவும் போலியோ சொட்டும் ஐந்து வயது வரை. முதல் பிறந்தநாள்தான் பெரிய கெடு, அதை விட்டுவிடாதீர்கள். "பொறுமையா அப்புறம் போட்டுக்கலாம்" என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். நான் கணக்குப் பார்த்தபோது கையில் ஐந்து வாரம்தான் இருந்தது.

விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதில்லை. விட்ட டோஸிலிருந்து தொடரலாம். ஒரே மருந்தின் இரண்டு டோஸ்களுக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் இடைவெளி விடுவார்கள்.

அட்டை தொலைந்திருந்தால் பயப்படாதீர்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த 12 இலக்க பிக்மி எண் இருந்தால் போதும், நர்ஸம்மா (கிராம சுகாதார செவிலியர்) தன் பதிவேட்டில் தேடி எடுத்து வேறு அட்டையில் எழுதித் தருவார். அந்த எண் பிறப்புச் சான்றிதழ் வாங்கிய காகிதங்களோடு இருக்கும். எங்குமே பதிவு கிடைக்காத டோஸைப் போடாததாக வைத்துத் திரும்பப் போடுவார்கள். ஒரு டோஸ் கூடுதலாகப் போனதால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

2. வதந்தியை மறுக்காதீர்கள், அதற்கு முன்னால் இருந்த பயத்தைக் கேளுங்கள்

பல மாதங்களை நான் வீணடித்தது இங்கேதான்.

குரல் பதிவு வந்த அன்றே மறுப்புச் செய்திகளைத் தேடி அத்தைக்கு அனுப்பினேன். ஒன்றைக்கூட அவர் திறக்கவில்லை. நாத்தனார் குடும்பம் வந்திருந்தபோது எல்லார் எதிரிலும், "வாட்ஸ்அப்ல வந்ததையெல்லாமா நம்பறது?" என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஊசி என்ற பேச்சே வீட்டில் செத்துப்போனது. வயதில் பெரியவரை நாலு பேர் எதிரில் தோற்கடித்தால், அவர் சொன்னதை விடவே மாட்டார். உங்கள் வீட்டில் அது கணவராக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம். யாராக இருந்தாலும் தனியாகப் பேசுங்கள்.

ஒருநாள் மதியம் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். நான் வதந்தியைப் பற்றி எடுக்கவே இல்லை. "அத்தை, ஊசின்னா உங்களுக்கு எதுங்க ரொம்பப் பயம்?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் சொன்னார்:

"நீ படிச்சவ அம்மிணி, உனக்கு எல்லாந் தெரியும். அன்னிக்கு ராத்திரி புள்ள அந்தத் துடி துடிச்சுதே, காய்ச்சல் வரும்னு ஒருத்தியாவது முன்னாலயே சொன்னாளா? கேட்டதுக்கு, அதெல்லாம் அப்படித்தான், போங்கன்னாங்க."

உண்மைதான். அன்று நாங்கள் போன இடத்தில் யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. எனக்குமே தெரியாது. குழந்தை ஏன் துடித்தது என்ற கேள்விக்கு மூன்று நாளாக யாரும் பதில் தராத வீட்டில், முதலில் பதில் சொன்னது அந்தக் குரல் பதிவு. பொய்யான பதில், ஆனால் பதில். அத்தையை நான் முட்டாள் என்று நினைத்திருந்தேனே என்று அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகவே, நீங்கள் கேட்க வேண்டியவை இவை: எதற்குப் பயம்? யார் சொல்லிக் கேட்டீர்கள்? என்ன தெரிந்தால் மனசு சமாதானமாகும்? பதிலைக் குறுக்கே விழுந்து திருத்தாமல் கேளுங்கள். நியாயமான பங்கு இருந்தால் அதை ஒப்புக்கொள்ளுங்கள். "ஆமாங்க அத்தை, சொல்லியிருக்கோணும், தப்புதான்" என்று நான் சொன்ன பிறகுதான் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

நேரமும் முக்கியம். ஊசிக்கு முதல்நாள் ராத்திரி இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். குழந்தைக்குச் சளி, காய்ச்சல் இருக்கும்போதும் வேண்டாம். குறைந்தது இரண்டு வாரம் முன்னால் தொடங்கி, ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும் என்று விட்டுவிடுங்கள்.

3. கேட்கும் கேள்விக்கு மட்டும், தெரிந்த அளவுக்குப் பதில் சொல்லுங்கள்

எங்கள் பக்கம் சுற்றும் கதைகள் நாலைந்துதான்.

*மலட்டுத்தன்மை.* 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது பரவிய அதே கதைதான் இன்னும் ஓடுகிறது. அப்போது பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டி வந்தது. இதற்குப் புள்ளிவிவரம் தேட வேண்டாம். அன்று ஒன்பதாம் வகுப்பில் கையை நீட்டிய பெண்களில் கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருப்பவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். எங்கள் தெருவில் இரண்டு பேர். அத்தைக்கு இருவரையும் தெரியும். இன்னொன்றும் சொல்லுங்கள்: கர்ப்பமான முதல் மாதங்களில் ரூபெல்லா வந்தால் வயிற்றிலிருக்கும் குழந்தைக்குக் கண், காது, இதயம் பாதிக்கும். அதைத் தடுக்கிற ஊசி இது. கர்ப்பப்பையைக் கெடுக்கும் என்று எந்த ஊசியைச் சொன்னார்களோ, அது பிறக்கப்போகும் பிள்ளையைக் காக்கிற ஊசி. மருந்து வெளிநாட்டிலிருந்து வருவதும் இல்லை, நம் நாட்டிலேயே தயாராகிறது.

*ஆட்டிசம்.* தட்டம்மை ஊசி போட்டால் குழந்தைக்கு ஆட்டிசம் (பேச்சும் பழகுவதும் பாதிக்கும் வளர்ச்சிக் குறைபாடு) வரும் என்ற கதை. இது 1998-ல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது. 2010-ல் இதழே அதைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவர் பதிவும் ரத்தானது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2019-ல் வெளியான ஆய்வில் எந்தத் தொடர்பும் இல்லை.

*"நடிகர் விவேக் ஊசி போட்டுத்தானே செத்தார்?"* இதை மிக மரியாதையாகக் கையாளுங்கள். அந்த மனிதர் மேல் இருந்த பாசம்தான் இப்படிப் பேச வைக்கிறது. அவர் 2021 ஏப்ரல் 15-ல் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார், மறுநாள் மயங்கி விழுந்தார், 17-ஆம் தேதி காலமானார். அவருடைய இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். அடைப்பு ஒரே ராத்திரியில் வளர்வதில்லை. பிறகு மத்திய நிபுணர் குழு விசாரித்து, ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்றது. அடுத்தடுத்து நடந்த இரண்டு விஷயங்களில் முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம் என்று மனசு உடனே முடிச்சுப் போட்டுவிடும். எங்கள் வீட்டிலும் அதேதான் நடந்தது.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. "ஊசியால எந்தத் தொந்தரவும் வராது" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். காய்ச்சல் வரும், வீங்கும். கடும் ஒவ்வாமை மிக மிக அபூர்வமாக வரும். கோவிஷீல்டு போட்ட சிலருக்கு அபூர்வமாக ரத்தம் உறைந்ததும் உண்மை. இவற்றை நீங்களே முதலில் சொல்லிவிட்டால், நாளைக்கு வேறு யாரோ சொல்லும்போது நீங்கள் மறைத்ததாக ஆகாது.

செய்தி எப்படி வந்தது என்றும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். அத்தையின் போனில் அந்தக் குரல் பதிவுக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தது. பலமுறை கைமாறிய செய்தி என்று அதற்கு அர்த்தம். அனுப்பியவர் பெரியப்பா மகன். அவரையே போனில் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். "எனக்கு ஆலை குரூப்ல வந்துச்சுங்க சித்தி, யாருன்னு தெரியாது" என்றார். அத்தை போனை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

4. புதன்கிழமைக்கு முன்பே நர்ஸம்மாவை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்

கிராம சுகாதார செவிலியர் வீடு வீடாகப் போவது அவருடைய வேலையில் ஒரு பகுதிதான். அங்கன்வாடி டீச்சரிடம் சொன்னால் தகவல் போய்விடும். அங்கேயும் சரிவரவில்லை என்றால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம், கட்டணம் இல்லை.

எங்கள் நர்ஸம்மா வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அத்தை எடுத்த எடுப்பில் கேட்டார்: "சும்மா ஒருத்தன் குடுப்பானா? காசு வாங்காம எதுக்கு ஊசி போடறாங்க?" அதற்கு நர்ஸம்மா, "ஒரு கொழந்தைக்கு நிமோனியா வந்து ஜி.எச்.ல பத்து நாள் படுத்தா கவர்மென்டுக்கு எத்தனை செலவாகுமுங்க? அதுக்கு ஊசி மிச்சமுங்க அக்கா" என்றார். நான் இத்தனை மாதம் சொல்லாத பதில் அது.

அடுத்து, சொட்டு மருந்துப் புட்டியின் லேபிள் படத்தைத் தன் போனில் காட்டினார். ஒரு வட்டம், அதற்குள் ஒரு குட்டிச் சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து நல்லது. சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். "நீங்களே வந்து பார்த்து, சரின்னு சொன்னாத்தான் போடுவேனுங்க" என்றார். தன் கண்ணால் பார்த்துச் சோதிக்க ஒரு விஷயம் கிடைத்ததும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். பயப்படுகிறவருக்குக் கையில் ஒரு வேலை கொடுங்கள்.

5. செலவு

அரசு ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை, அங்கன்வாடி முகாம் எதிலும் மேலே சொன்ன ஊசிகளுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. உண்மையான செலவு ஒருநாள் கூலிதான். அதனால் விட்டுப்போனவற்றை முடிந்தவரை ஒரே நாளில் போடச் சொல்லிக் கேளுங்கள். ஒரே நாளில் பல ஊசி போடலாம், அதனால் ஆபத்து கூடாது.

தனியாரில் ஊசிக்கு ஊசி, இடத்துக்கு இடம் விலை வேறு. நிமோனியா ஊசி ஒரு டோஸுக்கே மூவாயிரத்துக்கு மேல் எங்களிடம் சொன்னார்கள். "வலியில்லாத ஊசி" என்று ஒன்றைச் சொல்வார்கள். அதில் காய்ச்சல் குறைவு என்பது உண்மை, பாதுகாப்பு இலவச ஊசியிலும் குறைவில்லை. கடன் வாங்கிப் போட வேண்டியதில்லை.

6. புதன்கிழமை

தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள் புதன். முந்தின நாளே போன் செய்து, உங்களுக்கு வேண்டிய மருந்து இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஒருமுறை கேட்காமல் போய், அடுத்த வாரம் வாங்க என்று திருப்பி அனுப்பப்பட்டோம். மனசு மாறி வந்த பெரியவரை இப்படித் திரும்ப அழைத்துப் போவது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத்தான் தெரியும்.

எடுத்துப்போக வேண்டியவை: அட்டை, பிக்மி எண், ஓ.டி.பி. வரும் போன். யு-வின் என்ற அரசுத் தடுப்பூசித் தளத்தில் பதிவு செய்வார்கள். பதிவான பின் சான்றிதழை எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆதார் இருந்தால் கொண்டுபோங்கள், இல்லை என்று யாரும் திரும்பிவிட வேண்டாம்.

காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். லேசான சளி, இருமல் இருந்தாலும் போடலாம். முந்தைய ஊசியில் வலிப்போ கடும் ஒவ்வாமையோ வந்திருந்தால் மட்டும் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்.

உள்ளே கவனிக்க வேண்டியவை இரண்டு. தட்டம்மை ஊசி பொடியாக வரும், திரவத்தில் கலந்தபின் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். திறந்த நேரத்தைப் புட்டியிலேயே எழுதியிருப்பார்கள், தயங்காமல் கேட்டுப் பாருங்கள். அடுத்தது சிரிஞ்சு. உறை உங்கள் கண் எதிரில் பிரிய வேண்டும். ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வகை அது, மறுபடி இழுக்க வராது. இன்னொருவருக்குப் போட்டதை நம் குழந்தைக்குப் போடுவார்களோ என்ற பயம் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் காட்டச் சொல்லுங்கள்.

என் மகளுக்கு அன்று நான்கு ஊசி, வாயில் இரண்டு மருந்து. போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். பஸ் போய்விடும் என்று எழுந்துவிடாதீர்கள். கடும் ஒவ்வாமை வந்தால் அந்த நேரத்துக்குள்தான் பெரும்பாலும் தெரியும், மருந்தும் அங்கேதான் இருக்கும்.

7. அன்று ராத்திரி

எங்கள் வீட்டில் எல்லாம் கெட்டதே ஒரு ராத்திரியில்தான். அதனால் இதற்குத் தயாராக இருங்கள்.

பென்டாவலன்ட் காய்ச்சல் அன்றோ மறுநாளோ வந்து இரண்டு நாளில் போய்விடும். தட்டம்மை ஊசியின் காய்ச்சல் ஒரு வாரம், பத்து நாள் கழித்து வரும், கூடவே லேசாகத் தடிப்பும் வரலாம். இந்த இரண்டாவதை வீட்டில் எல்லாரிடமும் முன்பே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் அந்தத் தடிப்பு அடுத்த குரல் பதிவுக்குக் கதையாகிவிடும்.

பாராசிட்டமால் அளவைக் குழந்தையின் எடைக்கு ஏற்ப நர்ஸம்மாவிடம் அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். சொட்டு மருந்தாக வருவது வேறு, சிரப் வேறு. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 அல்லது 250. சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் அளவு மிஞ்சிவிடும். வாங்கிய பாட்டிலைக் காட்டித்தான் அளவு கேட்க வேண்டும். வீங்கிய இடத்தில் தேய்க்கவோ பத்துப் போடவோ வேண்டாம், ஈரத்துணி போதும்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாத அழுகை, வலிப்பு, மூச்சுத் திணறல், துவண்டுபோதல் என்று எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். பிறகு நர்ஸம்மாவிடமும் பதிவு செய்யச் சொல்லுங்கள். பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. புகார் சொன்னால் ஊசிக்கு எதிரி என்று ஆகிவிடாது. இப்படிச் சொல்லப்படுவதை வைத்துத்தான் எது உண்மையான பக்கவிளைவு என்றே தெரியவருகிறது.

இந்த முறையும் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது, 101. அத்தை மருந்தை எடுத்து வெளிச்சத்தில் கோடு பார்த்து ஊற்றினார். "வரும்னுதான் சொன்னாளே" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் நம்பிவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். கொரோனா ஊசி பற்றி அவர் கருத்து இன்றைக்கும் வேறுதான். அதற்காக நான் சண்டை போடுவதில்லை.

8. குடும்பக் குழுவில் போட ஒரு செய்தி

குழுவில் வாதம் செய்யாதீர்கள், அனுப்பியவரைப் பெயர் சொல்லாதீர்கள். அங்கே படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருக்கிற கர்ப்பிணிகளுக்காக மட்டும் எழுதுங்கள். நான் போட்டது இது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"பாப்பாவுக்கு விட்டுப்போன ஊசியைப் போன புதன்கிழமை திரும்ப ஆரம்பிச்சாச்சு. நான்கு ஊசி, செலவு இல்லை. காய்ச்சல் 101 வந்து மறுநாள் சரியாயிடுச்சு. தட்டம்மை ஊசிக்கு ஒரு வாரம் கழிச்சும் காய்ச்சல் வரலாம்னு சொன்னாங்க. யாருக்காவது பயமா இருந்தா எனக்குத் தனியா போன் பண்ணுங்க, அத்தையும் பேசுவாங்க."